பண்ணைத் தோட்டத்தில் ஒரு வளைவு

ஓய்வு பெற்ற தோட்டக்காரனுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கோயிலில் திருவிழா, பூங்கன்று வைக்க ஆள் வேண்டும் என்பது. மற்றது, வீட்டுக்குள் சட்டியில் வளர்த்த கறிவேப்பிலை ஏன் பட்டுப்போனது என்பது. இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: நாரி, அதாவது இடுப்பு, பிடித்திருக்கிறது.

போன மாரியில் வந்தது மூன்றாவது வகை. தர்ஷினி என்று ஒரு பிள்ளை. நான் வேலை பார்த்த லண்டன் கவுன்சிலிலேயே பூங்கா வடிவமைப்புப் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாராம்.

"அங்கிள், ஹேசல் பண்ணைத் தோட்டம் போடேக்க நீங்கள்தானே அங்க நிண்டது?"

"ஓம் பிள்ளை."

"நடுப்பாதை கிச்சின் கதவில இருந்து நேரா வருது. பிறகு பாதிவழியில சும்மா ஒரு வளைவு. பிறகு திரும்பவும் நேர். மேல இருந்து எடுத்த படத்தில பாத்தா, பாம்பு கோழிக்குஞ்சை விழுங்கின மாதிரி இருக்கு. ஏன் அங்கிள்?"

"கயிறு பிடிச்சவன் நான். அதாயிருக்கும்."

"பகிடி விடாதேங்கோ. பாதையெல்லாம் புதுசாப் போடப்போறம். நேராக்கச் சொல்லி பொஸ் சொல்லுறா. ஃபைல் முழுக்கத் தேடிப்போட்டன், வளைவுக்குக் காரணம் ஒண்டுமே இல்லை. பழைய ஆக்களைக் கேட்டா, பாலாவைக் கேள் எண்டினம்."

பாலா நான்தான். அந்தக் கடைசி வசனம் என்னைக் கதிரையில் நிமிர்த்தி இருத்தியது. நாரி நோவைக்கூட மறந்துவிட்டேன்.

"ஃபோனில சொல்லுற விசயமில்லைப் பிள்ளை. வீட்டை வாரும்" என்றேன்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் நல்ல பிள்ளை, இடையில் கேள்வி கேட்கவில்லை. நீங்களும் அப்படியே இருந்தால் நல்லது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடவேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் வங்கி எழுதுவினைஞன். பிறகு ஜேர்மனியில் சில காலம் ஓர் உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவினேன். அங்கிருந்து லண்டன் வந்து சட்டனில் குடியேறி, பூங்கா வேலைக்கு நேர்முகம் போனபோது, தோட்ட அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். எங்கள் ஊர் முழுக்கத் தோட்டம்தான் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஊர் முழுக்கத் தோட்டம். நான் அதற்குள்ளால் சைக்கிளில் வங்கிக்குப் போய் வந்தேன்.

முதல் கிழமையே களை என்று நினைத்து ஒரு பாத்தி லவெண்டர் கன்றுகளைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். வங்கிப் பழக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததால் திரும்ப நடுவது சுலபமாக இருந்தது என்று மேற்பார்வையாளர் பாராட்டினார். அதற்குப் பிறகு பின்னேர வகுப்புகள், பரீட்சைகள், மழையில் புல்வெட்டிய வருடங்கள். எல்லாம் கடந்து ஒரு வழியாக, நான் பிடுங்கச் சொன்னால் நாலு பேர் பிடுங்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் போயிருக்கும். சட்டனுக்குத் தெற்கே கவுன்சிலுக்குச் சொந்தமாக ஹேசல் பண்ணை என்று ஒரு பழைய பால்பண்ணை கிடந்தது. மாடுகள் எப்போதோ போய்விட்டன. பண்ணை வீடும், அதன் பின்னால் செங்கல் மதில் சுற்றிய ஒரு தோட்டமும் மிச்சம். தோட்டம் என்றது மரியாதைக்காக. உள்ளே ஆள் உயரத்துக்கு முட்பற்றை. அதைத் துப்புரவாக்கி, விக்டோரியா மகாராணி காலத்துப் பண்ணைக் குடும்பம் ஒன்று எப்படிக் காய்கறி பயிரிட்டுச் சாப்பிட்டது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊர்ச் சனத்துக்கும் செய்து காட்டும் தோட்டமாக்குவது திட்டம். வரைந்து முடிக்க ஒரு கோடை. இலையுதிர் காலத்தில் கொத்தத் தொடங்கவேண்டும்.

திட்டத்துக்குப் பொறுப்பாக வந்தவர் மிஸ் ஹாலண்ட். மெலிந்த, உயர்ந்த பெண்மணி. எந்த வெயிலிலும் கழுத்தில் ஒரு கம்பளிச் சால்வை. ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. நாங்கள் யாராவது ஒன்றைச் சொன்னால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சால்வை நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு ஒரேயொரு கேள்வி கேட்பார்.

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எதற்கும் தோட்டத்துக்குள் இடமில்லை. இங்கே கூஸ்பெரிப் பழச்செடி இருந்திருக்கும் என்று ஒருவர் சொன்னால், கண்ணாடி கழலும். இந்த மூலையில் கோழிக்கூடு என்றால், சால்வை எழும்பும். ஒருமுறை நான் மண்ணுக்குள் இருந்து நீலப்பூப் போட்ட ஓட்டுத் துண்டொன்றை எடுத்து, மகாராணியே கையால் தந்ததுபோல் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது குளியலறை ஓடு, பாலா. என் அக்கா வீட்டிலும் இதே ஓடுதான்" என்றார். பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும், "ஆனால் மிகக் கவனமாகத் தோண்டியிருக்கிறீர்கள்" என்று சேர்த்துக்கொண்டார். அந்த ஓட்டை எறியவில்லை. கடைசி நாள் வரை அவருடைய மேசையில் காகிதம் பறக்காமல் அமத்தி வைத்திருந்தார்.

நடுப்பாதையைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லவேண்டும். பழைய வரைபடத்தில் அது இரட்டைக் கோடாகத் தெளிவாக இருந்தது. எனக்கு அது போதும். அவருக்குப் போதாது. கடதாசி சொல்வதை நிலமும் சொல்லவேண்டும் என்பார். பாதை இருந்திருக்கக்கூடிய இடத்துக்குக் குறுக்கே ஒரு முழ அகலத்தில் பள்ளம் வெட்டுவோம். மேல்மண் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டு மேசன் கரண்டியால் சுரண்டவேண்டும். முதலில் கறுப்பு மண் வரும். பிறகு செங்கல் தூள். அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு படை, இடையிடையே பல்லில் கடிபடும் கல்லுப்போல் எரிந்த நிலக்கரிக் கட்டி. பண்ணை வீட்டுச் சமையலறை அடுப்புச் சாம்பலைக் காலையில் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி மிதித்தே அந்தப் பாதையைப் போட்டிருக்கிறார்கள். சாம்பல் எங்கே முடிகிறதோ அங்கே பாதையின் விளிம்பு. அந்த இடத்தில் ஒரு மரமுளை அடிப்போம். பத்தடி தள்ளி இன்னொரு பள்ளம், இன்னொரு முளை. முளைக்கு முளை சிவப்புக் கயிறு.

சமையலறைக் கதவிலிருந்து மதில் வாசல் வரை நூல் பிடித்ததுபோல் பாதை நேராக ஓடியது. பாதி தூரத்தில் மட்டும் கயிறு நின்றுவிட்டது. அங்கே ரொன் இருந்தார்.

ரொன் அந்தப் பண்ணையின் கடைசி மாட்டுக்காரருடைய மகன். எண்பதை நெருங்கும் வயது, ஒரு முழங்கால் மடியாது. மதிலுக்கு வெளியே உள்ள சின்னக் குடிலில் தனியாக இருந்தார். தோட்டம் முழுவதையும் முட்பற்றை விழுங்கியபோதும், நடுவில் ஒரு துண்டு நிலத்தை மட்டும் அவர் விடவில்லை. வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் கொஞ்சம், போஞ்சி கொஞ்சம், அவற்றுக்கு நடுவே மேடாக்கிய ஒரு நீளப் பாத்தியில் அஸ்பரகஸ், குருத்தை வெட்டிச் சமைக்கும் ஒரு செடி. அந்தப் பாத்தி சரியாகப் பாதையின் மேல் படுத்திருந்தது.

லீக்ஸையும் போஞ்சியையும் எங்கேயும் போடலாம். அஸ்பரகஸ் அப்படியல்ல. நட்டு மூன்றாம் வருடம்தான் முதல் குருத்தை வெட்டலாம். அதற்குள் வேர் நிலத்துக்குக் கீழே கணவாய் மீன் கால் விரித்ததுபோல் படர்ந்துவிடும். முற்றிய பாத்தியைக் கிளப்பி வேறிடத்தில் வைத்தால் பிழைக்காது. அந்தப் பாத்தியை நட்டவர் ரொன்னின் மனைவி டொரீன். நட்ட இரண்டாம் மாரியில் அவர் காலமாகிவிட்டார். முதல் குருத்தை ரொன் தனியாகத்தான் வெட்டியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னபோது அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு ஒரு களையைப் பிடுங்கினார். அது களையில்லை, லீக்ஸ். நான் திருத்தவில்லை.

மிஸ் ஹாலண்ட் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பாத்தி எடுக்கப்படவேண்டும். அவருக்கு நீங்கள் சொல்வதுதான் நல்லது, பாலா. அன்பாகச் சொல்லுங்கள். இந்தக் கிழமையே சொல்லுங்கள்."

"அஸ்பரகஸையும் பழைய காலத்துப் பயிர் என்று தோட்டத்தில் சேர்த்தால்…" என்று இழுத்தேன்.

கண்ணாடி கழன்றது. "பெரிய மாளிகைகளில் இருந்திருக்கும். இந்தப் பண்ணையில் இருந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. போனேன்.

இங்கேதான் எங்கள் சனத்தின் பழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. கஷ்டமான செய்தியோடு ஒரு வீட்டுக்குப் போனால் நாங்கள் போனவுடன் சொல்லமாட்டோம். தேத்தண்ணி வரும். பிள்ளைகள், காலநிலை, கறிச்சாமான் விலை, ஆருடைய மகன் ஆரைக் கட்டினான், எல்லாம் பேசுவோம். எழும்புவோம். செருப்பைப் போடுவோம். படலையடிக்கு, அதாவது வேலிக்கதவடிக்கு, வந்து, ஒரு கையைப் படலையில் வைத்துக்கொண்டு, "அப்ப பாருங்கோ…" என்று அங்கேதான் வந்த விசயமே தொடங்கும். படலையடியில் அரைமணித்தியாலம் நிற்காமல் போனவர் ஏதோ கோபத்தில் போகிறார் என்று அர்த்தம்.

ரொன்னின் குடிலிலும் ஒரு படலை இருந்தது. தானாக மூடும்படி சுருள்கம்பி வைத்த படலை. நான் முறைப்படி தேத்தண்ணி குடித்து, காலநிலையைத் தீர விசாரித்து, எழும்பி, படலையடிக்கு வந்து, கையை வைத்து, "அப்ப ரொன்…" என்றேன். வெள்ளைக்காரர்களுடைய விடைபெறல் எங்களுடையதுபோல் இல்லை. "சரி பாலா, பிறகு சந்திப்பம்" என்று ஒரே மூச்சில் சொன்னார். படலை டப்பென்று என் விரல் நுனியைத் தொட்டுக்கொண்டு மூடியது. நான் றோட்டில் நின்றேன். (ரொன்னின் தென்லண்டன் ஆங்கிலத்தை நான் மனதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாக்கித்தான் விளங்கிக்கொள்வேன். அப்படியே தருகிறேன்.)

போதாததுக்கு என் கையில் ஒரு கிண்ணம். வெள்ளை எனாமல், விளிம்பில் நீலக் கோடு. நிறைய அஸ்பரகஸ் வெட்டித் தந்திருந்தார்.

வீட்டில் யோகம், அதாவது என் மனைவி, அதை எடுத்து மணந்து பார்த்தார். "இதென்ன, மூங்கில் குருத்தோ?" என்றார். பிறகு பால்விட்டு ஒரு கறி வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் நான் கிண்ணத்தைக் கையில் எடுக்க, யோகம் வாசலை மறித்தார்.

"இஞ்சருங்கோ, வெறும் ஏனத்தைக் கொண்டுபோய் நீட்டப்போறியளே? அந்த மனுசன் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

"அவர் ஒண்டும் நினைக்க மாட்டார். அவருக்கு இதெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியுந்தானே."

கிண்ணம் நிறையக் கடலைவடையோடு போனேன். ரொன் ஒன்றைக் கடித்துவிட்டு, மென்றபடியே கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். காரமாக்கும் என்று பயந்தேன். "இவ்வளவு காலமும் இது எங்கை இருந்தது?" என்று கேட்டார். இப்படி வடை தின்னும் மனிதரிடம் பாத்தியைப் பற்றிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. படலையடியில் பார்க்கலாம் என்றிருந்தேன். படலை டப்பென்று மூடியது. கையில் திரும்பவும் கிண்ணம். இந்தமுறை பயற்றங்காய்க்குத் தம்பி மாதிரி ஒரு போஞ்சி.

அந்தக் கோடை அப்படியே போனது. போஞ்சிக்கு றோல்ஸ், கூஸ்பெரிக்கு மோதகம், லீக்ஸுக்குப் பால்றொட்டி. யோகத்துக்கும் ரொன்னுக்கும் இடையில் கிண்ணம் ஓடிக்கொண்டிருந்தது, நான் தபால்காரன். அவர்கள் இருவரும் ஒருநாளும் சந்தித்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் மிஸ் ஹாலண்ட் கேட்பார்: "சொல்லிவிட்டீர்களா?"

"அரைவாசி சொல்லிவிட்டேன்."

"எந்த அரைவாசி?"

"காலநிலை."

அவர் சிரிக்கவில்லை. வற்புறுத்தவுமில்லை. அவருக்கும் போய்ச் சொல்ல மனமில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆவணி கழியும் நேரம். வரைபடத்தை முடித்து அனுப்பவேண்டிய கிழமை வந்துவிட்டது. மிஸ் ஹாலண்ட் நேரடியாகத் தோட்டத்துக்கு வந்தார். சுருட்டிய வரைபடம் கக்கத்தில், பென்சில் காதில். நாங்கள் இருவரும் கயிறு நிற்கும் இடத்துக்குப் போனோம். அஸ்பரகஸ் அப்போது வெட்டும் பருவம் தாண்டி, ஆள் மார்பளவுக்குப் பஞ்சுபோல் பச்சையாக எழும்பி நின்றது. அதன் பின்னாலிருந்து ரொன் எழும்பினார், கையில் கிண்ணம்.

"ரொன்," என்றேன், "அப்ப பாருங்கோ, ஒரு விசயம்…"

"எட பாலா, இப்பயோ சொல்லப்போறீர்?" என்றார் அவர். "இந்தப் பக்கத்தால ஒரு சிவப்புக் கயிறு நேரா வந்து என்ர பாத்தியில முட்டுது. அந்தப் பக்கத்தால ஒண்டு வந்து முட்டுது. எனக்கு முழங்கால்தான் ஏலாது, கண் தெரியும்."

"அப்ப உங்களுக்கு முதலே…"

"நீர் தேத்தண்ணி குடிக்க வந்த முதல் நாளே தெரியும். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒருத்தனும் காலநிலை கதைக்க மாட்டான்."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீர் சொல்லிப்போடுவீர். சொல்லிப்போட்டா பிறகு ஏன் வரப்போறீர்? வடையும் நிண்டுபோம்."

பிறகு மிஸ் ஹாலண்ட் பக்கம் திரும்பினார். பகிடி முகத்தில் இருந்து போய்விட்டது.

"அம்மணி, உங்கட பாதை இதால போகவேணும் எண்டா போகட்டும். எங்கட அப்பரும் இதாலதான் நடந்தவராம். ஒண்டே ஒண்டு கேக்கிறன். வாற வசந்தத்தில ஒருக்கா வெட்ட விடுங்கோ. டொரீன் நட்டவ, ஒருக்காலும் அவவுக்குத் தின்னக் கிடைக்கேல்லை. நான் அவவுக்கும் சேர்த்துத்தான் தின்னுறனான். முடிவெண்டு தெரிஞ்சுகொண்டு ஒருக்காத் தின்னவேணும்."

மிஸ் ஹாலண்ட் கண்ணாடியைக் கழற்றினார். சால்வை நுனியால் துடைத்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் துடைத்தார். நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. நிலத்தில் குந்தி, வரைபடத்தை விரித்து, காதில் இருந்த பென்சிலை எடுத்து, நேர்கோட்டை அழித்துவிட்டு, பாத்தியைச் சுற்றி ஒரு வளைவு போட்டார்.

"பாலா, சக்கர நாற்காலி திரும்ப இடம் போதுமா?"

"இன்னும் கொஞ்சம் அகட்டவேண்டும்" என்றேன்.

"அகட்டுங்கள். பாதை நேராக இருந்தது என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவோம், அது எங்களுக்குத் தெரியும். இங்கே ஏன் வளைகிறது என்பதையும் எழுதவேண்டும்."

"பலகை வேண்டாம்" என்றார் ரொன். "தன்ர பேரை ஊர்ச்சனம் நிண்டு வாசிக்கிறது டொரீனுக்குப் பிடிக்காது. கலியாணக் காட் அடிக்கேக்கயே எழுத்தைச் சின்னனாப் போடச் சொன்னவ."

மிஸ் ஹாலண்ட் சற்று யோசித்தார். அவருடைய தோட்டத்தில் பதில் இல்லாத ஒரு பொருள் இருக்கப்போகிறது. அது அவருக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்குத் தெரியும்.

"சரி, பலகை இல்லை. இந்தப் பாத்தி குருத்து விடும் வரைக்கும் வளைவு இருக்கும். விடாத வருடம் பாதை நேராகும். யாராவது கேட்டால், பாலாவைக் கேட்கச் சொல்லுங்கள்."

வளைவைக் கயிறு பிடித்துப் போட்டவன் நான்தான். கொஞ்சம் உப்பிவிட்டது. செய்தவனின் வயிறு அதில் தெரிகிறது என்று யோகம் சொல்வார். ரொன் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார், உள்ளே தக்காளி. நாங்கள் வெளியே வந்து அவருடைய குடிலடியில் விடைபெறும்போது படலையை மூடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "இப்ப சொல்லும், காலநிலை எப்பிடி?" என்று கேட்டார். அன்று படலையடியில் நிறைய நேரம் நின்றோம். மிஸ் ஹாலண்டும் நின்றார்.

தோட்டம் திறந்த பிறகும் சில வசந்தங்கள் ரொன் குருத்து வெட்டினார். அவர் போனபோது கிண்ணம் எங்கள் பக்கம் இருந்தது. உழுத்தங்களி போட்டு வைத்திருந்த யோகத்துக்கு யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை. நாங்களே தின்றோம். கிண்ணத்தைக் கழுவி அடுப்புக்கு மேல் தட்டில் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து அதை வேறெதற்கும் எடுப்பதில்லை.

தர்ஷினி வந்தார். தேத்தண்ணி குடித்தார். வடை தின்றார். விம்பிள்டன் கோயில், றெயில் ஸ்ரைக், அவருடைய அம்மாவின் சீனி வருத்தம், எல்லாம் பேசினோம். பாதையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பாவம், இரண்டுமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழும்பி, சப்பாத்தைப் போட்டு, கேற்றடிக்கு வந்தார். நான் ஒரு கையைக் கேற்றில் வைத்து, "அப்ப பாரும் பிள்ளை…" என்று தொடங்கினேன்.

முடித்தபோது அவர் கையில் குலுக்கிக்கொண்டிருந்த கார் திறப்பைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டிருந்தார்.

"பொஸ் நம்பமாட்டா, அங்கிள். ஏதும் புரூஃப் இருக்கோ எண்டு கேப்பா."

"சித்திரை கழிய ஒருக்காப் போய்ப் பாரும். ஒரு குருத்தெண்டாலும் நிண்டா வளைவு இருக்கட்டும். ஒண்டுமில்லையெண்டா நேராக்கும். அதுதான் பேச்சு. நான் குறுக்க நிக்க மாட்டன்."

அந்தச் சொல்லை இலேசாகச் சொன்னேன். பிறகு மாரி முழுக்க நித்திரை சரியில்லை. முற்றிய பாத்தி அது, பராமரிக்க ஆள் இல்லை. தோட்டக்காரனாக யோசித்தால் குருத்து வருவதற்கு நியாயமே இல்லை. ஒருநாள் போய்ப் பார்த்துவிடுவோமா என்று வெளிக்கிட்டும் பார்த்தேன். யோகம், "போய் என்ன செய்யப்போறியள், நிலத்துக்குள்ள கையை விட்டு இழுக்கப்போறியளே?" என்றார். திரும்பி வந்து இருந்துவிட்டேன்.

மே மாதம் ஒரு பின்னேரம் மணி அடித்தது. தர்ஷினி, கையில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. திறந்து காட்டினார். பென்சிலைவிட மெல்லிசாக, கொஞ்சம் கோணலாக, சில குருத்துகள்.

"பாத்தியில இதுகள்தான் அங்கிள். ஆனா மதிலடியிலயும் வருது. குருவி கொட்டை போட்டிருக்கும் எண்டினம். அதையும் கணக்கில எடுக்கலாமோ?"

நான் கண்ணாடியைக் கழற்றினேன். சால்வை இல்லை, உடுத்திருந்த சாரத்து நுனியால் துடைத்தேன். பதில் சொல்ல எனக்கு அந்த அளவு நேரம் தேவைப்பட்டது.

"பாத்தியில இருக்கிறதே காணும் பிள்ளை" என்றேன்.

யோகம் குருத்துகளை எடுத்துக்கொண்டுபோய் அடுப்புக்கு மேல் தட்டில் இருந்த கிண்ணத்தை நிமிர்த்தி அதற்குள் வைத்தார். பெட்டியைக் கழுவித் துடைத்தார். தர்ஷினி கை நீட்டினார்.

"கொஞ்சம் நில்லும்" என்றார் யோகம், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபடி. "வெறுமனே தர ஏலாது."